உரக்குவியல் நாறினால் திரவம் வாங்காதீர்கள், சருகு சேருங்கள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 8 பேர் சேர்ந்து, 30 வீடுகளின் சமையலறைக் கழிவை வாங்கி உரமாக்குகிறோம். மூன்றாவது வாரமே குவியல் நாறுகிறது, அக்கம்பக்கத்தார் சத்தம் போடுகிறார்கள். நுண்ணுயிர்த் திரவம் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் குவியலில் நுண்ணுயிருக்குப் பஞ்சமில்லை, காற்றுதான் இல்லை. காய்கறித் தோலும் பழமும் ஈரம் நிறைந்தவை. அவற்றையே கொட்டிக்கொண்டு போனால் அமுங்கிச் சேறாகிவிடும். காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் அழுகிய முட்டை வாடையைக் கிளப்புகின்றன. ஒரு வாளி கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டுக் கிளறுங்கள். அப்புறம் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் சருகு, உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் அளவுக்கு இருந்தால் உள்ளே 55 டிகிரி வரை சூடேறும்.

இந்தத் திரவக்காரர்கள் பள்ளிகளைத் தேடித்தான் வருவார்கள். முதல் கேன் இலவசம், கூடவே ஒரு சான்றிதழ், அடுத்த மாதத்திலிருந்து பில். ஒரு பள்ளியில் காலி கேன்கள் வரிசையாக நின்றன. அதே வளாகத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மருந்தே அதுதான், எரிந்துகொண்டிருந்தது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'மக்கும்' என்று அச்சிட்ட கோப்பை, கரண்டி, பை எதுவும் குவியலுக்குள் போகக்கூடாது. எல்லாமே பொய் என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய உரக்கூடங்களில் இருப்பதுபோல 58 டிகிரி சூட்டை வாரக்கணக்கில் விடாமல் வைத்துச் சோதித்துத்தான் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். உங்கள் குவியல் சில நாட்கள் சூடேறி ஆறிவிடும். ஆறு மாதம் கழித்துச் சலித்தால் கோப்பை கோப்பையாகவே வரும். வீட்டுக் குவியலிலும் மக்கும் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் சேர்க்கலாம், அதையும் துண்டு துண்டாக வெட்டித்தான்.

இதுபோன்ற மாணவர் முயற்சிகளுக்கு விருது தரும் குழுக்கள் எத்தனை கிலோ சேகரித்தீர்கள், படம் எங்கே என்று கேட்கும். எவ்வளவு உரம் எடுத்தீர்கள், எந்தச் செடிக்குப் போட்டீர்கள் என்று கேட்பவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கிலோ கணக்குக்காகத்தான் பிள்ளைகள் தாங்க முடியாத அளவுக்கு வீடுகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டு வாரம் சேகரிப்பை நிறுத்திவிட்டு, இருக்கிற குவியலைச் சரிசெய்யுங்கள். தேர்வு மாதத்தில் யார் கிளறுவது என்று இப்போதே எழுதி வையுங்கள். ஆள் இல்லையென்றால் 30 வீட்டை 10 ஆகக் குறையுங்கள்.