பி.எட் முடிச்சிட்டேன், ஆராய்ச்சியோட சேர்ந்த கல்வியியல் முதுகலை படிக்கணும். எம்.ஃபில் போகலாமா? எப்படி அப்ளை பண்றது?

முதல்ல எம்.ஃபில்லை மறந்துடுங்க. 2022 நவம்பர்ல வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறையிலயே இனிமே எம்.ஃபில் கிடையாதுன்னு போட்டுட்டாங்க. அப்புறமும் சில இடத்துல அட்மிஷன் போட்டுக்கிட்டு இருக்கவும் 2023 டிசம்பர்ல இன்னொரு நோட்டீஸ் விட்டு யாரும் சேராதீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி முறைப்படி வாங்கினவங்க பட்டம் செல்லும், அவங்க யாரும் கமெண்ட்ல சண்டைக்கு வரவேண்டாம், எங்க வீட்லயே ஒருத்தர் வச்சிருக்கார். இன்னிக்கும் எம்.ஃபில் வீக்கெண்ட் கிளாஸ்னு சொல்லி யாராவது பணம் கேட்டா கட்டிடாதீங்க, அவ்வளவுதான். பி.எச்டி சேர எம்.ஃபில் வேணும்னு ஒரு சித்தப்பா சொல்லுவார் பாருங்க, அதுவும் கிடையாது, முதுகலை முடிச்சு நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வு எழுதுங்க. எஜுகேஷனுக்கு தனி பேப்பரே இருக்கு, 2024ல இருந்து அந்த ஸ்கோரை வச்சே பி.எச்டி அட்மிஷனுக்கும் போகலாம்.

உங்க கேள்வியைப் பார்த்தா ஏதோ ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை பார்த்துக்கிட்டு, ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதிட்டு, போஸ்டிங் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு யோசிக்கிறீங்கன்னு தோணுது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. நான் அப்படித்தான் இருந்தேன், அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இப்ப நம்ம ஊர்ல ரெண்டு வழி. ஒண்ணு எம்.எட். ஆசிரியர் படிப்புகளுக்கான தேசிய கவுன்சில் (என்சிடிஇ) போட்ட 2014 விதிப்படி ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர், பி.எட்ல 50 சதவீதம் இருக்கணும், டிசர்டேஷன், அதாவது ஆய்வேடு, கட்டாயம். தமிழ்நாட்ல இந்த காலேஜ் எல்லாம் பெரும்பாலும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வரும். 2025ல ஒரு வருஷ எம்.எட் பத்தி ஒரு வரைவு வந்துச்சு, அதனால சேர்றதுக்கு முன்னாடி அந்த வருஷ அறிவிப்பை ஒழுங்கா படிச்சுக்கோங்க. இன்னொண்ணு எம்.ஏ எஜுகேஷன். பெங்களூர்ல அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பைல டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) மாதிரி இடம். பி.எட் இல்லாதவங்களும் போகலாம், ஸ்கூல்ல போய் உக்காந்து பார்க்கிற வேலை நிறைய இருக்கும். அஸிம் பிரேம்ஜில குடும்ப வருமானத்தைப் பார்த்து ஃபீஸ்ல உதவி பண்றாங்க, அதனால பெங்களூர்னதும் பயந்து ஓடாதீங்க. ஆனா நாளைக்கு பி.எட் காலேஜ்ல வேலைக்குப் போற எண்ணம் இருந்தா அந்தப் பதவிக்கு எந்தப் பட்டம் கேட்கிறாங்கன்னு முன்னாடியே பாருங்க, எல்லா போஸ்டுக்கும் எம்.ஏ ஒத்துக்க மாட்டாங்க.

நான் படிச்சது எம்.எட். உடனே "எம்.எட்ல எங்க ரிசர்ச் இருக்கு, சும்மா பைண்டிங் பண்ணி வைக்கிறது"ன்னு ஒருத்தர் வருவார், இதுக்கு முன்னாடி இதே மாதிரி கேள்விக்குக் கீழ படிச்சேன், அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதவே உக்காந்தேன்.

நான் ஆறாம் வகுப்புக்கு கணக்கு எடுத்தேன். ஒரு பையன் 402ல 178 கழிச்சா 376னு எழுதியிருந்தான். சரியான விடை 224. நான் சும்மா தப்பு போட்டு விட்டிருப்பேன், ஆனா அவன் அந்தப் பக்கத்துல இருந்த எல்லா கணக்கையும் ஒரே மாதிரி போட்டிருந்தான். கூப்பிட்டு எப்படிடா வந்துச்சுன்னு கேட்டேன். "ரெண்டுல எட்டு போகாது மிஸ், அதனால எட்டுல ரெண்டு போனா ஆறு. பூஜ்யத்துல ஏழு போகாது, ஏழுல பூஜ்யம் போனா ஏழு. நாலுல ஒண்ணு போனா மூணு." தயங்கவே இல்ல. பெரிய நம்பர்ல இருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு மூணாம் கிளாஸ் மிஸ் சொல்லிக் குடுத்தாங்களாம், இவன் அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் வச்சிக்கிட்டான். அந்த மிஸ் சொன்னதும் தப்பில்ல, இவன் செஞ்சதும் கவனக்குறைவு இல்ல. அப்ப எது எங்க போய் முறிஞ்சது? இதைத்தான் தீசிஸ்ல பண்ணணும்னு முடிவு பண்ணி வேலையை விட்டுட்டு 2016ல சேர்ந்தேன்.

கைடு மேடம் கேட்டுட்டு, "இது கிளாஸ் டெஸ்ட்மா, ரிசர்ச் இல்ல"ன்னாங்க. லைப்ரரில ஒரு பீரோவைக் காட்டி இதுல பார்த்து ஒரு டைட்டில் எடுத்துக்கோன்னு சொன்னாங்க. போய் பார்த்தா எல்லாம் ஒரே தலைப்பு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கணிதம் மீதான மனப்பான்மைக்கும் அடைவுக்கும் உள்ள தொடர்பு, ஓர் ஆய்வு. மாவட்டம் மட்டும் மாறும். முந்நூறு பிள்ளைங்களுக்கு ஒரு தாளைக் குடுத்து "முற்றிலும் உடன்படுகிறேன்"ல இருந்து "முற்றிலும் மறுக்கிறேன்" வரைக்கும் டிக் அடிக்கச் சொல்றது, அப்புறம் ஆண் பெண், கிராமம் நகரம், அரசு தனியார்னு பிரிச்சு ரெண்டு கூட்டத்தோட சராசரியை ஒப்பிடுற டி டெஸ்ட், கடைசில குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த மாதிரி ஆய்வே தப்புன்னு சொல்லலீங்க, அளவுகோலை ஒழுங்கா தயாரிச்சு பண்றவங்க இருக்காங்க. எனக்கு அது வேண்டாம், என் பையன் ஏன் 376 போட்டான்னு அதுல வராது.

நான் விடல. பி.எட்லயே படிச்சிருப்பீங்களே குறையறி சோதனை, பிள்ளை எந்த இடத்துல தப்பு பண்றான்னு கண்டுபிடிக்கிற தாள், அதைப் பிடிச்சுக்கிட்டேன். கடன் வாங்காத கழித்தல், ஒரு தடவை கடன் வாங்கறது, நடுவுல பூஜ்யம் வர்றது, ரெண்டு பூஜ்யம் வர்றதுன்னு கணக்கை வரிசையா வச்சு ஒரு தாள் போட்டேன். மேடத்துக்கு டேபிள் வேணும், எனக்கு பிள்ளைங்க பேசறது வேணும். சரி, ரெண்டும் இருக்கட்டும்னு பேசி முடிச்சோம். தாள் எழுதினவங்கள்ல ஒரே மாதிரி தப்பு திரும்பத் திரும்ப வந்தவங்களை மட்டும் தனியா உக்கார வச்சு, கணக்கை சத்தமா சொல்லிக்கிட்டே போடச் சொல்லி எழுதிக்கிட்டேன். நடுவுல பூஜ்யம் வர்ற இடத்துலதான் தப்பு குமிஞ்சு கிடந்துச்சு, அதுவும் ஒரே வகை இல்ல, பூஜ்யத்தைத் தாண்டிப் போய் நூறுல கடன் வாங்கிட்டு பூஜ்யத்தைப் பூஜ்யமாவே விட்டு வைக்கிற பிள்ளைங்க ஒரு கூட்டம், என் பையன் மாதிரி தலைகீழா கழிக்கிறவங்க இன்னொரு கூட்டம். பர்மிஷன் வாங்கறதுதான் பெரும்பாடு, ஒரு ஹெச்.எம் லெட்டரை மூணு தடவை படிச்சிட்டு "எங்க ஸ்கூல் பேரு வராதுல்ல?"ன்னு கேட்டுட்டுத்தான் சீல் வச்சார்.

அதே நேரத்துல கூடப் படிச்சவங்க சில பேர் காலேஜ் எதிர்ல ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல இருக்கிற ப்ராஜெக்ட் சென்டர்ல டைட்டிலைக் குடுத்துட்டு வந்துட்டாங்க. அஞ்சு சாப்டர், எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்ட டேபிள், தங்க எழுத்து பைண்டிங் வரைக்கும் அவங்களே. ஒருத்தியோட மூணாவது சாப்டர்ல வேற ஏதோ மாவட்டத்துப் பேரு அப்படியே இருந்துச்சு, எக்ஸ்டர்னல், அதாவது வெளியில இருந்து வர்ற தேர்வாளர், அதை விரலை வச்சுக் காட்டினார், ஆனாலும் பாஸ். இதுல எனக்குக் கோபம் அவ மேல இல்ல. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு அன்னிக்கு எக்ஸ்டர்னலுக்கு கார் வாடகை, சால்வை, மட்டன் பிரியாணி, போகும்போது ஒரு கிஃப்ட், எல்லாம் ஸ்டூடண்ட்ஸ் கிட்ட வசூல் பண்ணித்தான். நான் வேலையை விட்டுட்டு வந்து கைல காசில்லாம ஹாஸ்டல்ல இருக்கேன், என்கிட்ட வந்து "எல்லாரும் குடுத்துட்டாங்க, நீ மட்டும்தான் பாக்கி"ன்னு ரெப் நிக்கிறா. பல்கலைக்கழகம் தேர்வாளருக்கு படி குடுக்குதுல்ல, அப்புறம் எதுக்கு பிரியாணி? கேட்டதுக்கு எனக்கு திமிர் பிடிச்சவள்னு பேரு. இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா சேரப்போறீங்கல்ல, தெரிஞ்சுக்கோங்க.

அதனால காலேஜ் தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீங்க. 50 பேர் எடுக்கிற எம்.எட்டுக்கு விதிப்படி 10 ஆசிரியர்கள் இருக்கணும், வெப்சைட்ல போட்டிருக்கிற பேரெல்லாம் நிஜமாவே அங்க வந்து பாடம் எடுக்கிறாங்களான்னு அங்க படிக்கிற பிள்ளைங்க கிட்ட கேளுங்க. லைப்ரரிக்குள்ள விடச் சொல்லி போன ரெண்டு மூணு வருஷத்து டிசர்டேஷன் தலைப்பைப் பாருங்க, எல்லாம் மனப்பான்மை மனப்பான்மைன்னு இருந்தா நீங்க என் மாதிரி மல்லுக்கட்டத் தயாரா இருக்கணும். எம்.ஏக்கு அப்ளை பண்றதா இருந்தா ஏன் இந்தப் படிப்புன்னு எழுதச் சொல்லுவாங்க, இன்டர்வியூலயும் அதைத்தான் நோண்டுவாங்க. அங்க போய் ஆசிரியப் பணி அறப்பணின்னு ஆரம்பிக்காதீங்க. உங்க கிளாஸ்ல நீங்க பார்த்த ஒரு பிள்ளை, ஒரு நோட்டு, உங்களுக்குப் புரியாத ஒரு விஷயம், அதை எழுதுங்க.

வெளிநாடு போற யோசனை இருந்தா: என் தங்கச்சி யூகேக்கு அப்ளை பண்ணப்போ எல்லா ஃபார்மும் நான்தான் கூட இருந்து ஃபில் பண்ணேன். அங்க எம்.ரெஸ்னு ஆராய்ச்சிக்குன்னே ஒரு முதுகலை இருக்கு, கேம்பிரிட்ஜ்ல எஜுகேஷன் எம்.ஃபில் இன்னும் நடக்குது, ஒரு வருஷம்தான். சும்மா ஸ்கோர் போதாது, என்ன ஆராயப் போறோம்னு சில இடத்துல ஒரு ப்ரொபோசலே கேட்பாங்க. காசுக்கு செவனிங், காமன்வெல்த்னு ரெண்டு ஸ்காலர்ஷிப்பையும் பாருங்க. செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் காட்டணும், ஃபுல் டைமா ரெண்டு வருஷம் ஸ்கூல்ல வேலை பார்த்திருந்தா தாராளமா வந்துடும், படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊர்ல வந்து இருக்கணும்.

எங்களை நிஜமா அலைய விட்டது ரெஃபரன்ஸ் லெட்டர்தான். லெட்டர் கேட்ட தங்கச்சியோட காலேஜ் சார் ரொம்ப நல்லவர், "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போடுறேன்"ன்னார். ஆனா யுனிவர்சிட்டி நேரா அவருக்குத்தான் லிங்க் அனுப்பும், காலேஜ் பேர்ல இருக்கிற மெயில் ஐடிதான் குடுக்கணும்னு போட்டிருந்துச்சு. அவர்கிட்ட இருந்தது ஜிமெயில், அதுக்கும் பாஸ்வேர்டு அவரோட மகனுக்குத்தான் தெரியும், மகன் துபாய்ல. கடைசில காலேஜ் ஆபீஸ்ல கெஞ்சி அவருக்கு ஒரு ஐடி போட்டுக் குடுக்க வச்சோம், லிங்க் ஸ்பாம்ல போய் விழுந்துச்சு. நீங்க இப்பவே உங்க பி.எட் காலேஜ்ல ரெண்டு பேரைப் பிடிச்சு, காலேஜ் மெயில் இருக்கான்னு கேட்டு வச்சுக்கோங்க. அப்படியே பல்கலைக்கழகத்துல ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா பாடத்து மார்க்கும் இருக்கிற சான்றிதழுக்கும் எழுதிப் போட்டுடுங்க, அது கைக்கு வர்றதுக்குள்ள டெட்லைன் போயிடும்.