ஜிப்சி ஜாஸ் வரலாறு: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? (கேள்வி பதில்)

ஜிப்சி ஜாஸின் முன்னோடியான ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டாரைக் கேட்டுவிட்டு, அந்த இசையின் வரலாற்றைத் தேட என்ன படிக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எது?

மைக்கேல் ட்ரெக்னியின் 'ஜாங்கோ: த லைஃப் அண்ட் மியூசிக் ஆஃப் எ ஜிப்சி லெஜண்ட்'. 2004-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1910-இல் பெல்ஜியத்தின் லிபெர்ஷியில் பிறந்தது முதல் 1953-இல் இறந்தது வரை முழு வாழ்க்கையும் இதில் இருக்கிறது. ஜாங்கோவை வானத்திலிருந்து குதித்த மேதையாகக் காட்டாமல், பாரிஸின் விளிம்பில் வண்டிகளில் வாழ்ந்த குடும்பங்கள், மியூசெட் என்ற பாரிஸ் நடன இசை ஒலித்த நடனக்கூடங்கள், அங்கே வாசித்த அக்கார்டியன்காரர்கள் எல்லோரையும் கூடவே கொண்டுவருகிறார். அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் பல காட்சிகளைக் கதைபோல விரித்துச் சொல்வார். ஆய்வுக்கு மேற்கோள் எடுக்கும்போது வேறொரு நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜாங்கோவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எதில் படிக்கலாம்?

அதே ட்ரெக்னி 2008-இல் எழுதிய 'ஜிப்சி ஜாஸ்'. ஃபெரே சகோதரர்கள் போன்ற, ஜாங்கோவின் நிழலில் மறைந்துபோன கலைஞர்களை இதில் சந்திக்கலாம்.

கேள்வி: சார்ல் தெலோனே எழுதிய பழைய வாழ்க்கை வரலாற்றை நம்பலாமா?

கட்டாயம் படிக்க வேண்டும். மைக்கேல் ஜேம்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1961-இல் வந்தது. தெலோனே 'பிரான்ஸ் ஹாட் கிளப்' என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர், ஜாங்கோவுக்கு நிகழ்ச்சிகளும் பதிவுகளும் ஏற்பாடு செய்தவர், நண்பர். நேரில் பார்த்ததை எழுதியிருக்கிறார். அந்த நெருக்கமே நூலின் எல்லையும்கூட. வண்டிக்குள் நடந்த வாழ்க்கை, ஓட்டல் அறைக்குத் தேடிவந்த நண்பருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? பின்னால் வந்த நூல்கள் பலவும் இதிலிருந்தே எடுத்துக்கொண்டவை. அதனால் ஒரே சம்பவம் மூன்று நூல்களில் இருக்கிறது என்பதாலேயே அதற்கு மூன்று சாட்சிகள் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, மனூஷ் மக்களே (ஜாங்கோ பிறந்த ஜிப்சி சமூகம்) எழுதிய வரலாறு ஏன் கிடைப்பதில்லை? கல்லூரி ஆய்வுக்காகத் தேடித் தேடிச் சலித்துவிட்டேன்.

தம்பி, இந்த விஷயத்தின் மையமே நீங்கள் கேட்டதுதான். பாத்ரிக் வில்லியம்ஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளரைப் படியுங்கள். ஜாங்கோ பற்றி அவர் 1991-இல் பிரெஞ்சில் எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு. மனூஷ் மக்கள் இறந்தவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பற்றிய இன்னொரு நூல், 'ஜிப்சி வேர்ல்ட்' என்ற பெயரில் 2003-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் பழகிய மனூஷ் மக்களிடம், இறந்தவரைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை. அவருடைய பொருள்களை எரித்துவிடுவதும் உண்டு. பெட்டி நிறையக் கடிதங்கள், நாட்குறிப்பு என்று தேடும் நம் பழக்கம் இங்கே உதவாது. மௌனமும் அவர்களுக்கு நினைவுதான்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1928-இல் ஜாங்கோ ஓர் அக்கார்டியன் கலைஞரோடு பாஞ்சோ வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டின் லேபிளில், அவர் பெயர் 'ஜியாங்கோ ரெனார்' என்று இருக்கிறது. அப்போது அவருக்கு எழுத்து தெரியாது. காதில் விழுந்ததை யாரோ எழுதிவிட்டார்கள். இந்த இசையின் எழுத்துவடிவ வரலாறு பெரும்பாலும் இப்படி வெளியாள் காதில் விழுந்ததுதான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், எழுதியவர் எங்கே நின்று கேட்டார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 1930-களின் செய்தித்தாள்களில் 'ஜாஸ் மனூஷ்' (ஜிப்சி ஜாஸின் பிரெஞ்சுப் பெயர்) என்று தேடினால் ஒன்றும் வரவில்லையே?

வராது. அந்தப் பெயர் அப்போது இல்லை. 1934-இல் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிரப்பெல்லியும் சேர்ந்த ஐவர் குழுவின் பெயர் 'பிரான்ஸ் ஹாட் கிளப் குயின்டெட்'. அவர்கள் வாசித்ததை மக்கள் ஜாஸ், ஸ்விங் என்றுதான் சொன்னார்கள். இனப் பெயரோடு ஒரு தனி இசைவகையாக அது பார்க்கப்பட்டது, ஜாங்கோ இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை சிவ் லீ 2021-இல் வெளியிட்ட 'ஜாங்கோ ஜெனரேஷன்ஸ்' விளக்குகிறது. கொஞ்சம் கடினமான நடை, ஆனால் விடாதீர்கள். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய இதழ்கள் இலவசம். அதில் 'ஹாட் கிளப்' என்றும், ஜிப்சியைக் குறிக்கும் 'சிகான்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லையும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நான் கிட்டார் வாசிப்பவன். ஜாங்கோ இரண்டு விரலில்தான் வாசித்தாரா?

1928-இல் வண்டி தீப்பிடித்தபோது இடதுகையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. பெஞ்சமின் கிவனின் 'த மியூசிக் ஆஃப் ஜாங்கோ ரைன்ஹார்ட்' (2010) அவருடைய வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துப் பார்க்கிறது. தனி வாசிப்பு பெரும்பாலும் இரண்டு விரலில் ஓடினாலும், கார்டுகளுக்கு (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைப்பது) பாதிக்கப்பட்ட விரல்களையும் அவர் பயன்படுத்தினார் என்று அதில் பார்க்கலாம். அவர் வாசித்த செல்மர் கிட்டார் பற்றி வேண்டுமென்றால், பிரான்சுவா ஷார்லின் நூல்.

கேள்வி: போர்க்காலம் பற்றி?

ஜாஸ் நூல்களை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸில் ஜாங்கோவின் புகழ் உச்சத்தில் இருந்தது. அவருடைய புகழ்பெற்ற 'நுவாஜ்' பதிவானது 1940-இல். அதே ஆண்டுகளில் அவருடைய மக்கள் பிரான்ஸ் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். கடைசியாக இருந்தவர்கள் வெளியே வந்தது 1946-இல், அதாவது போர் முடிந்து ஓராண்டு கழித்து. இதற்கு எமானுவேல் ஃபிலோல், மரி-கிறிஸ்டின் யூபேர் இருவரும் எழுதிய பிரெஞ்சு நூலைப் பாருங்கள். ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் 'நுவாஜ்' பாடலையும் வைத்துக்கொண்டு இருந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: இந்தியத் தொடர்பு உண்டா?

ஜிப்சி மக்களின் ரோமானி மொழி இந்தோ-ஆரியக் குடும்பம். அது மொழி வரலாறு. இந்த இசை மியூசெட்டிலும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளிலும் பிறந்தது. நமக்கு நேரடித் தொடர்பு வேண்டுமென்றால், கிரப்பெல்லியும் நம் எல். சுப்ரமணியமும் சேர்ந்து 1984-இல் பதிவுசெய்த 'கான்வர்சேஷன்ஸ்' ஆல்பம் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவும் வாங்கக் காசில்லை. என்ன செய்வது?

இன்டர்நெட் ஆர்க்கைவில் இரவல் கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஃப்ரெமோ நிறுவனத்தின் 20 தொகுதி ஜாங்கோ முழுத்தொகுப்பில் ஒவ்வொன்றோடும் விரிவான குறிப்பேடு வரும். முதல் தொகுதி மட்டும் யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும். அந்த 1928 பாஞ்சோவிலிருந்து தொடங்கிவிடலாம்.