"ஆஸ்துமா இருப்பது எங்களுக்குத் தெரியாது" என்று ஸ்டேஷனில் சொன்னால்?

அந்தப் பதிலோடு விஷயம் முடியாது. ஆஸ்துமா உள்ள உங்கள் தம்பியைப் போலீஸ் தெருவில் கைது செய்து, விலங்கு மாட்டி, குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தியபோது அவர் "மூச்சு விட முடியலை" என்று மூன்று தடவை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நோயின் பெயர் தெரியாமல் இருக்கலாம், அவர் திணறுவது தெரியாமல் இருக்காது. காவலில் இருப்பவரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 56ஆம் பிரிவு.

"பேசுறானே, அப்புறம் என்ன மூச்சுத்திணறல்?" என்று எஸ்.ஐ. கேட்டது தவறான நம்பிக்கை. பேச முடிந்தாலும் போதுமான காற்று உள்ளே போகிறது என்று அர்த்தமில்லை. குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தினால் நெஞ்சு விரிய இடமில்லை. காற்றுக்குத் தவிப்பவர் திமிறுவார். அதை எதிர்ப்பு என்று நினைத்து இன்னும் அழுத்துவார்கள். உயிர் போவது இப்படித்தான். விலங்கு மாட்டியதுமே ஒருக்களித்துப் படுக்கவைத்தோ உட்காரவைத்தோ இருக்க வேண்டும்.

இப்போது அவசரமானது ஸ்டேஷனின் சிசிடிவி பதிவு. ஒலியோடு பதிவாக வேண்டும், 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி சிவகங்கை எஸ்.பி.க்கு இன்றே ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கைதானதும் நடந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அதே சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி அது தம்பியின் உரிமை.

ஒன்று மட்டும்: குற்ற வழக்கு என்று போனால் தம்பி திணறுவது அந்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். தெருவில் பார்த்தவர்களின் பெயரைக் குறித்துவையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி எண். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள்.