நரம்புச் சுருட்டுக்கு வெப்ப சிகிச்சை: எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன்னால்

கேள்வி: எனக்கு வயது 44. ஜவுளிக்கடையில் 16 ஆண்டுகளாக நின்றபடியே வேலை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் கால் கனத்துப்போகிறது. ஒரு வருடமாகக் கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரிக்கிறது. ஒரு டாக்டர் லேசர் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் ஆர்.எஃப். (ரேடியோ அலையால் சூடு வைப்பது) தான் நல்லது என்கிறார். நரம்பைச் சுட்டால் கால் வலுவிழந்துவிடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். எதைச் செய்துகொள்வது? எத்தனை நாள் லீவு தேவைப்படும்? திரும்ப வருமா?

பதில்: உங்கள் அத்தையின் பயத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சுவழக்கு. மூளையிலிருந்து கட்டளை கொண்டுபோவதும் நமக்கு நரம்பு, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயும் நரம்பு. இரண்டாவதற்குச் சிரை என்று பெயர். உங்களுக்குக் கெட்டிருப்பது அதுதான். இந்தக் குழப்பத்தால் 'நரம்பு மாத்திரை' என்று வைட்டமின் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, சிரையையே மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்? காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, தசைக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரைகளின் பங்கு சொற்பம். அதிலும் உங்கள் சிரை வேலையைச் செய்யாததோடு, இறக்கிவிடக்கூடாத ரத்தத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது.

கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு கெட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் நின்றதும் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்கிவிடும். காலுக்கு மோட்டார் ஆடுதசை, அதாவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது அமுங்கி ரத்தத்தை மேலே தள்ளும். ஏறியது இறங்காமல் தடுக்கச் சிரைக்குள் வழிநெடுக வால்வுகள் உண்டு. கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கித் தொடை இடுக்குவரை ஓடும் பெரிய சஃபீனஸ் சிரையில் இந்த வால்வுகள் பழுதாவதுதான் பெரும்பாலும் நடப்பது. முழங்காலுக்குக் கீழே நீங்கள் பார்க்கும் சுருட்டு அதன் விளைவு. கசிவு அதற்கு ஒரு முழம் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம்.

அதனால் லேசரா ஆர்.எஃப்.ஆ என்பதற்கு முன்னால் நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான்: ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்கவைத்து எடுத்தார்களா? வால்வுக் கசிவு நிற்கும்போதுதான் ஒழுங்காக வெளிப்படும். படுக்கவைத்து மட்டும் பார்த்த ஸ்கேனை நம்பிச் சிகிச்சை முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. ஆடுதசையை அமுக்கி விட்டதும் ரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் அது கசிவு. எந்தச் சிரையில், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சிரையின் அகலம் என்ன, ஆழ்சிரையில் பழைய ரத்தக்கட்டு உண்டா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். 'வெரிகோஸ் வெயின் உள்ளது' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது உங்கள் கண்ணே சொன்ன செய்தி. அதற்கு ஸ்கேன் எதற்கு?

உங்கள் விஷயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லக் காரணம் அந்தக் கறுப்புத் தோல்தான். தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து படிந்த கறை அது. களிம்பு போட்டால் அரிப்பு அடங்கும், அழுத்தம் குறையாது. அடுத்த படி ஆறாத புண். 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், புண் வந்தவர்களுக்குக் கட்டுப்போடுவதோடு கசியும் சிரையையும் சீக்கிரமே மூடியபோது, புண் ஆறும் இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்குப் புண் ஆறிவிடும் நாள்) 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது. புண் வருவதற்கு முன்பே மூடுவது இன்னும் நல்லது.

இனி, சூடு வைப்பது எப்படி என்று பார்ப்போம். முழங்கால் அருகே சிரையில் ஊசி குத்தி, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய குழாயைத் தொடை இடுக்குவரை ஏற்றுவோம். ஆழ்சிரையோடு சேரும் சந்திப்புக்கு ஏறக்குறைய 2 செ.மீ. முன்னாலேயே நுனியை நிறுத்திவிடுவோம். சூடு ஆழ்சிரையைத் தொடக்கூடாது. அப்புறம் சிரையைச் சுற்றி, மரத்துப்போகும் மருந்து கலந்த சலைன் நீரை ஊசியால் வழிநெடுக நிரப்புவோம். உண்மையில் நோயாளிக்குச் சுருக்கென்று இருப்பது இந்தக் கட்டம்தான், சூடு அல்ல. இந்த நீர் வலியை மட்டுமா தடுக்கிறது? சிரையை அமுக்கிச் சுவரைக் கருவியோடு ஒட்டவைக்கிறது. தோலுக்கும் பக்கத்தில் ஓடும் உணர்வு நரம்புக்கும் சூடு போகாமல் நடுவில் நிற்கிறது. இதைப் பொறுமையாகச் செய்கிறவர் கையில்தான் நல்ல பலன் இருக்கிறது.

ஆர்.எஃப். முறையில் பரவலாகப் பயன்படும் கருவியின் 7 செ.மீ. நுனி 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். 20 விநாடி சுட்டு, இழுத்து, அடுத்த துண்டு. லேசரில் கண்ணாடி இழை வழியே ஒளி போகும், இழையைச் சீராகப் பின்னிழுத்தபடி சுடுவோம். இரண்டிலும் சிரையின் சுவர் வெந்து சுருங்கி மூடிக்கொள்ளும். மாதங்கள் போகப்போக அது நார்போல் ஆகிவிடும். சுடும் நேரம் சில நிமிடங்கள்தான், ஆயத்தத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பதும் உண்டு. என் விருப்பம் காலை மட்டும் மரக்கவைப்பது, முடிந்த கையோடு நடக்கலாம்.

இரண்டில் எது? பழைய லேசர்களில் முதல் வாரத்து வலியும் கன்றிப்போவதும் ஆர்.எஃப்.ஐ விட அதிகம். 1470 நானோமீட்டர் அலைநீள லேசரும் பக்கவாட்டில் ஒளி பரப்பும் இழையும் வந்தபின் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. உங்கள் டாக்டர் எதில் கை பழகியவரோ அதையே செய்துகொள்ளுங்கள். லேசர் இழையும் ஆர்.எஃப். கத்தீட்டரும் (சிரைக்குள் ஏற்றும் குழாய்) ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியவை, செலவில் பெரும்பங்கும் அவைதான். விலை மிகக் குறைவாகச் சொன்னால் 'புது கவரைப் பிரித்துத்தான் போடுவீர்களா' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

எல்லாக் காலுக்கும் இது பொருந்தாது. சிரை மிகவும் வளைந்து நெளிந்திருந்தால் குழாய் ஏறாது. தோலை ஒட்டி ஓடினால் தோல் வெந்துபோகலாம். ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேல்சிரைதான் மாற்றுப்பாதை, அதை மூடக்கூடாது. கர்ப்பிணிகள் பிரசவம் முடிந்து சில மாதம் காத்திருக்க வேண்டும், பலருக்கு அதற்குள் சுருட்டு பெரிதும் வற்றிவிடும். சர்க்கரை நோய் மட்டும் இருப்பது தடையல்ல.

மறுநாள் காலைப் பார்த்து 'சுருட்டு அப்படியே இருக்கிறதே' என்று ஏமாந்துபோகிறவர்கள் பலர். மூடியது மேலே உள்ள தாய்ச்சிரையை. கீழே உள்ள கிளைகள் அழுத்தம் இல்லாமல் சில வாரங்களில் சுருங்கலாம். மிஞ்சியவற்றைச் சிறு கீறல் வழியே கொக்கியால் எடுப்பது, நுரை மருந்து ஊசி போடுவது என்று வழிகள் உண்டு. சில இடங்களில் அன்றைக்கே சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். ஐந்தாறு நாள் கழித்துத் தொடையின் உள்பக்கம் கயிறு இழுப்பதுபோல் வலிக்கும், அது சிரை சுருங்கும் வலி. சிறு பகுதி மரத்துப்போய் மெல்லத் தெளிவதும் உண்டு. ஆனால் கால் முழுக்க வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழ்சிரையில் ரத்தம் உறைவது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனாலும் அலட்சியம் கூடாது. ஒரு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

லீவு? உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று நாள் போதும். உங்களுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் படுத்தே கிடக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நடங்கள். நீண்ட பஸ் பயணம் வேண்டாம். அழுத்தக் காலுறையை டாக்டர் சொன்ன நாள்வரை, காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூடிய சிரை பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆர்.எஃப். செய்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஐந்து ஆண்டு கழித்தும் அப்படித்தான். ஆனால் வேறு சிரையின் வால்வு பழுதாகலாம், அதற்கு நாள் முழுக்க நிற்பதும் கைகொடுக்கும். கடையில் உட்கார இடம் கேளுங்கள். 2021இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியர்களுக்கு இருக்கை தருவது முதலாளியின் கடமை. தொங்கப்போட்ட காலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கும். அதனால் சேலை விரித்துக் காட்டும் நேரத்திலேயே, கவுன்ட்டருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல், குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள்.