பதில்: அடுத்த வீட்டு அக்கான்ர காப்பை வித்தது மனசை அரிக்குது

தங்கச்சி, 2009ல அடுத்த வீட்டு அக்கா பத்திரமா வைச்சிரு எண்டு தந்த காப்பை பிள்ளைன்ர பால்மாவுக்கு வித்துப்போட்டீங்கள், இப்ப அவா கிளிநொச்சிக்குத் திரும்பி வந்திட்டா, பாவசங்கீர்த்தனத்தில சுவாமியாரிட்ட (கத்தோலிக்க குருவிட்ட) பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கியும் மனசு ஆறேல்ல, பூசையில நற்கருணை அப்பம் வாங்கப் பயமாக் கிடக்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள். வாசிக்க நெஞ்சு கனத்திட்டுது.

சுவாமியார் தந்த மன்னிப்பைச் சந்தேகப்படாதேங்கோ, பைபிளில 1 யோவான் 1:9ஐ எடுத்து வாசியுங்கோ, பாவத்தை ஒத்துக்கொண்டா கடவுள் மன்னிப்பார் எண்டு இருக்கு. கடவுள் மன்னிச்சிட்டார். உறுத்துறது அக்காட்டச் சொல்லாம இருக்கிறதுதான் எண்டு நினைக்கிறன். மத்தேயு 5:23-24ல காணிக்கையைப் பீடத்தடியில விட்டிட்டு முதல் போய்ச் சமாதானமாகு எண்டு இயேசு சொல்லுறார் எல்லே, வரி வாங்கிற சக்கேயுவும் ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தாறன் எண்டுதானே எழும்பி நிண்டவர்.

போனில சொல்லாதேங்கோ, நேர போங்கோ, அந்தப் பால்மா குடிச்ச பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. இப்ப பவுண் விக்கிற விலைக்கு ஒரேயடியா ஏலாது, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தாறன் எண்டு சொல்லி முதல் காசை அண்டைக்கே கையில குடுங்கோ. ஏசினாலும் மறுமொழி சொல்லாமக் கேளுங்கோ. அவா மன்னிக்க நாள் எடுக்கலாம், அதுவரைக்கும் நற்கருணை வாங்காம இருக்கவேண்டாம், வாற ஞாயிறே பூசைக்குப் போங்கோ.