ஸ்பைக்கின் ஆங்கிலக் குரல்

அன்புள்ள ஐயா,

‘கவ்பாய் பீபாப்’ அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) ஆங்கிலத்தில்தான் பார்த்தேன். நாயகன் ஸ்பைக்கின் குரலில் சொக்கிப்போய்விட்டேன். ஆனால் பெயர்ப்பட்டியலில் டேவிட் லூகாஸ் என்று வருகிறது. எல்லோரும் ஸ்டீவ் ப்ளம் என்கிறார்கள். யார் இவர்? ஜப்பானிய மூலம் இருக்கும்போது டப்பிங் எதற்கு என்று நண்பர்கள் வேறு கேலி செய்கிறார்கள்.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

இரண்டும் ஒரே ஆள்தான். லாஸ் ஏஞ்சலஸில் அந்தக் காலத்து அனிமே டப்பிங்கில் பெரும்பகுதி நடிகர் சங்கத்துக்கு வெளியே நடந்தது. அதனால் சங்கத்தின் கண்ணில் படாமலிருக்க, அதில் பேசியவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வது சகஜம். ப்ளம் லூகாஸ் ஆனார். 2001 செப்டம்பரில் அடல்ட் ஸ்விம் என்ற இரவுநேரத் தொலைக்காட்சிப் பிரிவு இந்தத் தொடரை அமெரிக்காவில் ஒளிபரப்பியபோது கொண்டாடப்பட்ட குரல் அது. பெயர் மட்டும் அவருடையதில்லை. எனக்கு இது வேடிக்கையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

ஒரு சிறிய படக் கம்பெனியின் தபால் பிரிவில் இருந்தவர் ப்ளம். கட்டைக்குரல்தான் அவரை டப்பிங்குக்குக் கொண்டுவந்தது. ஆனால் கட்டைக்குரல் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. அறையில் பெரும்பாலும் தனியாக நிற்க வேண்டும், எதிரே பேச ஆள் கிடையாது. காதில் மூன்று ‘பீப்’ கேட்கும். நான்காவது ஒலிக்க வேண்டிய கணத்தில் வசனம் தொடங்க வேண்டும். ஜப்பானிய மொழிக்காக வரைந்த வாயசைவு ஏற்கெனவே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அளவுக்குள் ஆங்கிலம் அடங்க வேண்டும், நடிப்பும் இருக்க வேண்டும். வசனத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்களும் உண்டு.

இத்தனைக்கும் சம்பளம் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். அதனால் அனிமேயை மட்டும் நம்பி இருப்பவர்கள் குறைவு. ப்ளம் 2000 முதல் டூனாமி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அனிமேஷன் பிரிவைத் தொகுத்து வழங்கும் ‘டாம்’ ரோபோவுக்குப் பேசுகிறார். வீடியோ கேம்களிலும் எக்கச்சக்கமாகப் பேசியிருக்கிறார்: 2012இல் 261 கேம்களோடு கின்னஸில் ஏறினார்.

நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியத்தில் ஸ்பைக்காகப் பேசிய கோயிச்சி யமாதேரா பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் ப்ளம் அவரை நகல் எடுக்கவில்லை. யமாதேராவின் ஸ்பைக்கிடம் ஒரு துள்ளல் இருக்கிறது. ப்ளம்முடையவன் எதிலும் அக்கறையில்லாதவன் போல இழுத்துப் பேசுகிறான். அந்தச் சோம்பல் பாத்திரத்துக்கு இன்னும் பொருந்துகிறது என்பது என் கட்சி. ஆங்கிலப் பதிப்பை இயக்கிய மேரி எலிசபெத் மெக்ளினுக்கும் இதில் பங்குண்டு. ஐந்தாம் அத்தியாயத்தின் தேவாலயக் காட்சியை இரண்டு மொழியிலும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் ‘சாமுராய் சாம்ப்ளூ’ என்ற அனிமேயும் பாருங்கள்; அதில் கத்திக்கொண்டே திரியும் மூகென் பாத்திரத்தின் ஆங்கிலக் குரலும் ப்ளம்தான்.