கீழே பிராக்ஸி, மேலே ஹாட்ஸ்பாட்

கேள்வி: அலுவலகம் சேலம் ஐந்து ரோட்டில், அங்கே பிராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாகத்தான் இன்டர்நெட். சனி, ஞாயிறு ஏற்காட்டு வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட். மாற்றி மாற்றி அலுத்துப்போய், பிராக்ஸியை நிறுத்தும் வரிகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் டெர்மினலில் பழைய பிராக்ஸி அப்படியே இருக்கிறது. நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் வேறு, பிராக்ஸியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. உபுண்டு, பாஷ் (டெர்மினல் கட்டளைகளை ஏற்று ஓட்டும் ஷெல்) வைத்திருக்கிறேன்.
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் வரிகள் சரி, ஓட்டிய விதம்தான் சரியில்லை. ஸ்கிரிப்டை ஓட்டும்போது பாஷ் அதற்கென்று தனி பிராசஸ் ஒன்றைத் தொடங்குகிறது. அதற்குள் மாறிகளை (பிராக்ஸி முகவரி போன்ற மதிப்பை வைத்திருக்கும் பெயர்களை) அன்செட் செய்து நீக்கியது அதோடு முடிந்துபோகும். பிள்ளை பிராசஸால் தாய் ஷெல்லின் மாறிகளைத் தொட முடியாது. பிராக்ஸியை மாற்றித்தரும் ரெடிமேட் கருவிகள் எவ்வளவு நல்லவையானாலும் இந்தச் சுவரைத் தாண்டா. அதனால்தான் அவை, டெர்மினல் திறக்கும்போது பாஷ் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்கின்றன. நீங்களும் அதே கோப்பில் ஆன், ஆஃப் என்று இரண்டு ஃபங்ஷன்கள் எழுதிவிடுங்கள். ஃபங்ஷன் உங்கள் ஷெல்லுக்குள்ளேயே ஓடும். முன்பே திறந்திருக்கும் மற்ற டெர்மினல்களும் எடிட்டரும் பழைய மதிப்பையே வைத்திருக்கும். அந்த டெர்மினல்களை மூடித் திறந்து ஃபங்ஷனை ஓட்ட வேண்டும், எடிட்டரை மூடி அப்படி ஓட்டிய டெர்மினலிலிருந்து திறக்க வேண்டும்.

ஆன் ஃபங்ஷனில் எச்டிடிபி_பிராக்ஸி, எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி, நோ_பிராக்ஸி மூன்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முதலாவதை, டெர்மினலிலிருந்து இணைய முகவரிகளை அழைக்கும் கர்ல் சிறிய எழுத்தில் மட்டுமே படிக்கும். சிஜிஐ சர்வர்களில் (கோரிக்கையின் ஹெடர்களை மாறிகளாக்கி நிரலுக்குக் கொடுப்பவை) வெளியாள் அனுப்பும் ‘பிராக்ஸி’ ஹெடர் அதே பெயரில் பெரிய எழுத்து மாறியாக வந்து உட்கார்ந்துவிடும் என்பதால் வைத்த பாதுகாப்பு அது. இரண்டாவதன் மதிப்பும் பெரும்பாலும் எச்டிடிபி:// என்றுதான் தொடங்க வேண்டும். பெயரைப் பார்த்து ‘எஸ்’ சேர்த்தால், பிராக்ஸியோடு பேசுவதையே டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தில் தொடங்கப் பார்த்து இணைப்பு முறிந்துவிடும். பிராக்ஸி வேண்டாத முகவரிகளின் பட்டியலான நோ_பிராக்ஸியில், உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-உம் கட்டாயம் இருக்கட்டும். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி வேண்டாம். பட்டியல் சரியில்லாவிட்டால் உங்கள் கணினியில் 3000 போர்ட்டில் ஓடும் சொந்த சர்வரைத் தேடி அழைப்பு அலுவலக பிராக்ஸிக்குப் போகும்.

இனி கிட். அது மாறிகளைப் படிக்கும். ஆனால் தன் கான்ஃபிக் கோப்பில் எச்டிடிபி.பிராக்ஸி என்று எழுதியிருந்தால் அதற்குத்தான் முதலிடம். எப்போதோ --குளோபல் போட்டு எல்லா ப்ராஜெக்டுக்குமாக எழுதியது மலை மேலும் கூடவே வந்திருக்கிறது. அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயரை ஹாட்ஸ்பாட்டின் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) எப்படி அறியும்? ‘கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட்-ஆல் எச்டிடிபி.பிராக்ஸி’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், எந்தக் கோப்பிலிருந்து மதிப்பு வருகிறது என்று தெரியும். --குளோபலோடு --அன்செட் போட்டு நீக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிறுவும் என்பிஎம்மிலும் இதே கதை: பிராக்ஸி, எச்டிடிபிஎஸ்-பிராக்ஸி இரண்டையும் கான்ஃபிக் டெலீட் செய்ய வேண்டும்.

உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் மட்டும் தனி. அதை ஓட்ட அட்மின் உரிமை தரும் சுடோ போட்டால் உங்கள் மாறிகள் பொதுவாகக் கழன்றுவிடும். ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் பிராக்ஸிக்கென்றே தனிக் கோப்பு ஒன்று வையுங்கள். ஆஃப் செய்ய அதை அழித்தால் போதும். வேறு வரிகளைத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி அவசியம். அது விடுபட்டால் ஆப்ட் ஒரு அடிகூட நகராது.

பிராக்ஸியைப் போடுவது யாருக்கும் வரும். போட்ட இடம் ஒவ்வொன்றிலிருந்தும் எடுப்பதுதான் வேலை. ஆன் எழுதும்போதே ஒவ்வொரு வரிக்கும் ஜோடியாக ஆஃப் வரியையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: என் பாஸ்வேர்டில் @ இருக்கிறது. பிராக்ஸி முகவரியில் போட்டால் எதுவுமே வேலை செய்யவில்லை.
– வாசகி, சூரமங்கலம்

பதில்: பிராக்ஸி முகவரியில் @ என்பது பாஸ்வேர்டுக்கும் சர்வர் பெயருக்கும் நடுவே உள்ள வேலி. இரண்டு வேலி இருந்தால் எங்கே பிரிப்பது என்ற குழப்பம் வரும். பாஸ்வேர்டில் உள்ள @-க்குப் பதில் %40, #-க்கு %23, :-க்கு %3ஏ போடுங்கள் (கடைசியில் வருவது ஆங்கில ‘ஏ’). 407 என்ற எண் வந்தால் நல்ல அறிகுறி: பிராக்ஸி கிடைத்துவிட்டது, பெயரோ பாஸ்வேர்டோதான் தவறு. பதிலே வராமல் டைம்-அவுட் ஆனால் முகவரியையும் போர்ட்டையும் பாருங்கள். பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். ‘ரீட் -எஸ்’ கொண்டு ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். திரையிலும் தெரியாது, ஹிஸ்டரியிலும் தங்காது.

கேள்வி: கர்ல் வேலை செய்கிறது, டாக்கர் புல் மட்டும் நிற்கிறது. ஏன்?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: டாக்கர் புல்லில் கன்டெய்னருக்கான (நிரல் ஓடும் தனிப்பெட்டி) இமேஜை இறக்குவது உங்கள் டெர்மினல் அல்ல, பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன். அது, உபுண்டுவின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கிய சேவை. உங்கள் மாறிகள் அதன் காதில் விழாது. டாக்கர்.சர்வீஸ்.டி அடைவில் ஒரு கான்ஃப் கோப்பு வைத்து, ‘சர்வீஸ்’ தலைப்பின் கீழ் என்விரான்மென்ட் வரிகளாக அதே மாறிகளைக் கொடுங்கள். பிறகு டீமன்-ரீலோட், அடுத்து ரீஸ்டார்ட். டாக்கரின் லைவ்-ரீஸ்டோர் அமைப்பைப் போடாதிருந்தால் ரீஸ்டார்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்கள் நின்றுவிடும். ஆகவே இதை ஆன், ஆஃப் ஃபங்ஷனில் சேர்க்காமல் தனிக் கட்டளையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிரேடில் ஏன் எச்டிடிபி_பிராக்ஸியைக் கண்டுகொள்வதில்லை?
– மாணவி, ஓமலூர்

பதில்: நிரல்களை பில்ட் செய்யும் கிரேடில் ஜாவாவில் ஓடுவது, ஜாவா அந்த மாறியைப் படிப்பதில்லை. கிரேடில்.பிராப்பர்டீஸ் கோப்பில் சிஸ்டம்பிராப் என்று தொடங்கும் பிராக்ஸிஹோஸ்ட், பிராக்ஸிபோர்ட் வரிகளை எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் தனித்தனியே எழுதுங்கள். பிராக்ஸி வேண்டாத முகவரிகளுக்கான நான்பிராக்ஸிஹோஸ்ட்ஸ் வரியில் பெயர்களைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, | என்ற நெடுங்கோடு.